‘உன் குழு என்ன சொல்லும்?’: ஆண்குழு, பெண்குழு பற்றிப் பதின்ம வயதினரிடம் பேசும் முறை

மின்தூக்கிப் பராமரிப்பு என் பிழைப்பு. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்து அறையைத் திறந்து விசிறியைப் போடுவது என் தொண்டூழியம். உயர்நிலை 1 முதல் 3 வரை (ஏறக்குறைய பதின்மூன்று முதல் பதினைந்து வயது) படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பதினைந்து பேர் வருவார்கள். பெயருக்கு அது வாய்மொழித் தேர்வுப் பயிற்சி. ஒரு காட்சியைக் காட்டிக் கருத்துக் கேட்டால், “ஆணும் பெண்ணும் சமம், அனைவரையும் சமமாக நடத்த வேண்டும்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு நாற்காலியில் சாய்வான் ஒருவன். ஐந்து நிமிடம் கழித்து, கேரம் பலகையின் பக்கம் வந்த பெண்ணிடம் அவனே சொல்வான்: “இது எங்கள் ஆட்டம்.”

அவன் பொய் சொல்லவில்லை. இரண்டையும் மனமாரத்தான் சொன்னான். இது எனக்கு விளங்கவே ஆறு ஆண்டுகள் ஆயின. தொண்டூழியர் பயிற்சியில் கேட்டது கொஞ்சம், விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் தேடிப் படித்தது கொஞ்சம், பிள்ளைகளிடம் மூக்குடைபட்டுக் கற்றது நிறைய. இந்தப் பேச்சை எடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் தொண்டூழியருக்கும் நான் செய்யும் முறையை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் வாய் திறக்காதீர்கள்

பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். எங்கள் அறையில் விசிறிக்குக் கீழே பெண்கள், கதவோரம் ஆண்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு வாரம் எனக்குப் பதிலாக வந்த தொண்டூழியர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், ஒரு பையன் ஒரு பெண் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தார். நாற்பது நிமிடம் அறை ஊமையாகிவிட்டது.

இந்தப் பிரிவு நேற்று வந்ததில்லை. எலனோர் மக்கோபி, கேரல் ஜாக்ளின் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1987ல் எழுதியது இது: நாலரை வயதுப் பிள்ளைகள் எதிர்ப்பாலருடன் விளையாடுவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் தம் பாலருடன் விளையாடுகிறார்கள், ஆறரை வயதில் அது பதினொரு மடங்காகிவிடுகிறது. உயர்நிலை 1க்கு வரும் பிள்ளை பல ஆண்டுப் பழக்கத்தைப் புத்தகப்பையோடு சுமந்துகொண்டு வருகிறது. நாற்காலியை மாற்றினால் பழக்கம் மாறாது. அது தானாக இளகும். சிட்னி இளையர்களைக் கவனித்த டெக்ஸ்டர் டன்ஃபி 1963லேயே இதை விவரித்திருக்கிறார்: முதலில் ஆண் தனியாக, பெண் தனியாகச் சிறு குழுக்கள், பிறகு அவை ஒன்றையொன்று நெருங்கும், குழுவில் செல்வாக்குள்ளவர்கள் முதலில் கலப்பார்கள், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அதனால் உயர்நிலை 1 பிள்ளைக்கும் உயர்நிலை 3 பிள்ளைக்கும் ஒரே கேள்வியைப் போடாதீர்கள்.

பார்க்கும்போது ஒரு பிள்ளையைத் தேடுங்கள். சார்ஜர் கேட்க, அழிப்பான் கேட்க என்று இரண்டு மேசைக்கும் நடுவே போய்வரும் பிள்ளை எல்லா அறையிலும் ஒன்று இருக்கும். இரு குழுவும் அதிகம் எடைபோடுவது அந்தப் பிள்ளையைத்தான். பேச்சு தொடங்கியதும் அதை எடுத்துக்காட்டாக ஆக்கிவிடாதீர்கள். நான் ஆக்கியிருக்கிறேன். அந்தப் பெண் ஒரு மாதம் வரவில்லை.

கருத்துக் கேட்காதீர்கள், கதை சொல்லுங்கள்

‘ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுவாக இருப்பது சரியா?’ என்று கேட்டால் தேர்வுப் பதில்தான் வரும். நான் மூன்று குட்டிக் கதைகள் வைத்திருக்கிறேன்.

முதல் கதை: அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் நட்பாகப் பேச வருகிறாள். ‘பெண்களோடு எனக்குச் சரிப்படாது’ என்று பையன் ஒதுங்கிக்கொள்கிறான். இரண்டாவது: பையன்கள் மட்டுமே உள்ள ஓர் உறுமி மேளக் குழு. வாசிக்கக் கற்ற பெண் ஒருத்தி சேரக் கேட்கிறாள். பெண் என்பதால் வேண்டாம் என்கிறார்கள். மூன்றாவது: ஒரு பள்ளி தன் ரோபோ இணைப்பாட நடவடிக்கையில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று விதி வைக்கிறது.

நட்பு, குழு, நிறுவனம் என்ற இந்த மூன்று படிகள் என் கண்டுபிடிப்பு இல்லை. மெலனி கில்லன் என்ற வளர்ச்சி உளவியலாளரும் குழுவினரும் 2002ல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 10, 13, 16 வயதுப் பிள்ளைகளிடம் இதே வரிசையில் கேட்டார்கள். பள்ளி விலக்குவது தப்பு என்று பெரும்பாலும் எல்லாரும் சொன்னார்கள். நட்பிலும் குழுவிலும் பிடி தளர்ந்தது. நம் புளோக்கின் கீழ்த்தளத்திலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. மூன்றாவது கதைக்கு எல்லாரும் ‘தப்பு’ என்று எழுதுகிறார்கள். முதல் கதைக்கு ‘அது அவன் விருப்பம்’. சண்டை வருவது உறுமி மேளத்தில்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இனத்தைக் காட்டி விலக்குவதைவிடப் பாலினத்தைக் காட்டி விலக்குவதைப் பிள்ளைகள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை நான் முதல் கதையில் ‘பெண்’ என்பதை எடுத்துவிட்டு ‘மலாய்ப் பையன்’ என்று மாற்றிச் சொன்னேன். அதே வாக்கியம்தான். கதவோர மேசையில் ஒருவன், “அங்கிள், அப்படிச் சொல்லக் கூடாது” என்றான். சொல்லக் கூடாது என்பது அவனுக்குத் தெரிகிறது. ஆண்டுதோறும் ஜூலை 21ல் பள்ளியில் இன நல்லிணக்க நாள் கொண்டாடி வளர்ந்தவன். அதற்கான சொற்கள் அவனிடம் தயாராக இருக்கின்றன. ஆண்குழு பெண்குழு விஷயத்தில் அவன் கையில் சொல் ஏதும் இல்லை, சிரிப்பு மட்டும்தான் இருக்கிறது.

ஒரு சீட்டு, இரண்டு கேள்வி

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. கதை சொன்னதும் பேசவிடாதீர்கள். ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள். பெயர் வேண்டாம். மேலே ‘நீ என்ன செய்வாய், ஏன்?’, கீழே ‘உன் நண்பர் குழு என்ன செய்யும், ஏன்?’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘ஏன்’ இல்லாத சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாய்மொழிப் பயிற்சியில் எழுத வைக்கிறேனே என்று முதலில் முணுமுணுப்பார்கள். பொருட்படுத்தாதீர்கள்.

உறுமி மேளக் கதைக்கு ஒருமுறை பதினான்கு சீட்டு வந்தது. ‘நான் சேர்த்துக்கொள்வேன்’ என்றவை பதினொன்று. ‘என் குழு சேர்த்துக்கொள்ளும்’ என்றவை நான்கு. இரண்டு எண்ணையும் வெண்பலகையில் பெரிதாக எழுதிவிட்டு நான் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பேட்மிண்டன் மட்டையைக் கீழே வைக்காமலே இருக்கும் ஒருவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அங்கிள், கணக்குத் தப்பு. நாங்கள் எல்லாரும் ஒரே குழுதானே?”

கணக்கில் தப்பில்லை. கெல்லி லின் மல்வியும் கில்லனும் 2015ல் வெளியிட்ட ஆய்வில், கால்பந்து, பாலே போன்ற ‘ஆண் வேலை, பெண் வேலை’களை மீறும் உறுப்பினர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். ‘நான் ஆதரிப்பேன், ஆனால் மற்றவர்கள் என் அளவுக்கு ஆதரிக்க மாட்டார்கள்’ என்ற எண்ணமே அங்கும் வந்தது. ஒவ்வொருவனும் தன்னை மட்டும் விதிவிலக்கு என்று நினைத்துக்கொண்டு, இல்லாத ஒரு கூட்டத்துக்குப் பயப்படுகிறான்.

அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். எண்கள் பலகையில் கிடக்கட்டும்.

எனக்கு இது புதிதில்லை. 1990ல் ஆண்கள் பள்ளி ஒன்றில் உயர்நிலை 2 படித்தேன். எங்கள் வகுப்பில் ஒருவன் வெளியே பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தான். தமிழ்க் கலைநிகழ்ச்சிக்கு ஆடுகிறேன் என்று ஆசிரியரிடம் பெயர் கொடுத்தான். அடுத்த நாள் இடைவேளையில் நாங்கள் நான்கு பேர் உணவகத்து மேசையில் இருந்தோம். அவன் தட்டோடு வந்தான். ஒருவன் கையை மடக்கி முத்திரை பிடித்தான், நான் சிரித்தேன், மற்றவர்களும் சிரித்தார்கள். அவன் தட்டை எங்கள் மேசையில் வைக்காமல் அப்படியே நடந்துபோனான். தட்டில் இருந்தது மீகோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ். அதுவரை இன்னும் நினைவிருக்கிறது. பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். பதினைந்து ஆண்டு கழித்து, ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையின் (ராணுவப் பணி) மறுபயிற்சி முகாமில் அந்த நால்வரில் இருவர் கட்டிலோரம் உட்கார்ந்து பழங்கதை பேசினோம். முத்திரை பிடித்தவன் சொன்னான்: “நீ சிரிக்கிறாயே என்றுதான் நான் நிறுத்தவில்லை.” நான் சிரித்தது அவன் செய்ததால்.

இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்வேன், ஆனால் சீட்டு எழுதி முடித்த பிறகுதான். முன்பே சொன்னால் எனக்குப் பிடித்த பதிலை எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

காரணங்களைக் கேட்கும் விதம்

சீட்டுகளில் உள்ள ‘ஏன்’களை மூன்று பத்தியாகப் பலகையில் பிரித்துப் போடுங்கள். எலியட் டூரியல் போன்ற உளவியலாளர்கள் வகுத்த வகைப்பாட்டை நான் பாமரமாக்கி வைத்திருக்கிறேன்: நியாயம், குழு, என் விருப்பம். ‘அவளுக்கும் ஆசை இருக்கும்’ என்பது நியாயப் பத்தி. ‘அவள் வந்தால் நாங்கள் பேசுகிற பேச்சே மாறிவிடும்’ என்பது குழுப் பத்தி. ‘யாரோடு சேர வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல முடியாது’ என்பது மூன்றாவது.

இரண்டாவது பத்தியைப் பார்த்ததும் நம்மைப் போன்ற பெரியவர்கள் கண்டிக்கப் பாய்வோம். அது தப்பு. பேச்சு மாறிவிடும் என்பது உண்மை. பதின்மூன்று வயதில் தன் குழுவுக்குள் மட்டும் அசடாக இருக்கலாம் என்பது அவனுக்குப் பெரிய நிம்மதி. விசிறிக்குக் கீழே இருக்கும் பெண்களும் அதையேதான் எழுதுகிறார்கள். பெற்றோர் ஒருவர் என்னிடம், ‘பையன்களோடு உனக்கென்ன பேச்சு’ என்று மகளை ஒரு காலத்தில் தாமே அதட்டியதாகவும் இப்போது அவள் யாரோடும் கலப்பதில்லை என்றும் கவலைப்பட்டார். என்ன சொல்வது?

பத்திகள் நிரம்பிய பிறகு கதையில் ஒரு திருகாணியை மட்டும் திருப்புங்கள். ‘அந்தப் பெண் இருக்கிறவர்களைவிட நன்றாக வாசிப்பாள் என்றால்?’ கில்லனும் சார்ல்ஸ் ஸ்டேங்கரும் 2001ல் பாலே, பேஸ்பால் குழுக்களை வைத்து இப்படித் திறமையைக் கூட்டிக் குறைத்துக் கேட்டார்கள். வயது ஏற ஏறப் பிள்ளைகள் குழு நன்றாக நடக்க வேண்டுமே என்ற கணக்கையும் உள்ளே கொண்டுவந்தார்கள். எங்கள் அறையில் இந்தக் கேள்வி வந்ததும், ‘பேச்சு மாறிவிடும்’ கோஷ்டியின் தலைவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அப்படியானால் சேர்க்கலாம். ஆனால் நாங்கள் வேட்டி கட்டுவோமே. அவள் என்ன கட்டுவாள்?”

“கால்சட்டை போட்டுக்கொண்டு வாசித்தால் மேளம் கேட்காதா?” என்றாள் விசிறிப் பக்கத்திலிருந்து ஒருத்தி.

அடுத்த பத்து நிமிடமும் உடையைப் பற்றியே பேசினார்கள். கறுப்புச் சட்டை எல்லாருக்கும் என்று முடிவானது. இல்லாத குழுவுக்கு, இல்லாத பெண்ணுக்கு, இரண்டு மேசையும் சேர்ந்து சீருடை தைத்துக்கொண்டிருந்தது. நான் குறுக்கிடவில்லை.

பிறகு கதையைத் தலைகீழாக்குங்கள்: பெண்கள் நடனக் குழுவில் ஒரு பையன். பெண்ணுக்குக் கிடைத்த தாராளம் பையனுக்குக் கிடைக்காது. கால்பந்துக்குப் போகும் பெண்ணைத் ‘துணிச்சல்காரி’ என்று எழுதுகிற அதே கை, நடனத்துக்குப் போகும் பையனுக்கு ஒரு கோடு போட்டுச் சிரிப்பு முகம் வரையும். பெண்களின் சீட்டிலும் அந்த முகம் வரும். இந்த இடத்தில்தான் என் மீகோரெங் கதை.

வந்தே தீரும் சில வாதங்கள்

‘பெண்கள் குழு என்றால் புறம்பேச்சு; நாங்கள் அடித்துக்கொண்டு அன்றே மறந்துவிடுவோம்’ என்று பையன்கள் சொல்வார்கள், பெண்களில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். ஒதுக்குவது, புறம்பேசுவது போன்றவற்றைப் பற்றிய 148 ஆய்வுகளை 2008ல் நோயல் கார்டும் குழுவினரும் தொகுத்துப் பார்த்தபோது, இதில் ஆண் பெண் வேறுபாடு இருந்தும் இல்லாததுபோல்தான் இருந்தது. அடிதடியில்தான் ஆண்கள் தெளிவாக முந்தினார்கள். ஆனால் ஆய்வைச் சொல்லி வாதத்தை வெல்லாதீர்கள். ‘வாட்ஸ்அப் குழுவிலிருந்து உன்னை விட்டுவிட்டுப் புதிய குழு தொடங்கியது கடைசியாக எப்போது?’ என்று பையன்களிடம் ஒரு சீட்டு கேளுங்கள். மாதம், நாள், யார் யார் என்று எழுதிக் கொடுத்தவன் இருக்கிறான். அன்றே மறந்தவனாம்!

தேசிய சேவை வாதம் பதின்மூன்று வயதிலேயே வந்துவிடும்: ‘நாங்கள் இரண்டு ஆண்டு கொடுக்கிறோம், அவர்கள்?’ கண்டிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். 2004க்கு முன் போன என்னைப் போன்ற கார்ப்பரல்களுக்கு அது இரண்டரை ஆண்டு. அதைச் சொன்னால் அவர்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரும், அவ்வளவே. அது நாட்டின் சட்டத்தைப் பற்றிய கேள்வி, உறுமி மேளத்தில் ஓர் இடத்துக்கு அது விலையாகுமா என்பது வேறு கேள்வி. பலகையில் இரண்டையும் எதிரெதிர் மூலையில் எழுதி வைத்தாலே போதும்.

மூன்றாவது கதையை, ‘எந்தப் பள்ளியும் அப்படிச் செய்யாது’ என்று தள்ளிவிடுவார்கள். இங்கே பழைய தகவல் ஒன்றிரண்டு உதவும். நான் பள்ளி மரவேலை வகுப்பில் மரத்துண்டைச் சீவிக்கொண்டிருந்த வயதில் என் அக்காள் தையலும் சமையலும் படித்தார். கீழ் உயர்நிலையில் இரு பாலரும் இரண்டையும் படிப்பது 1997ல்தான் வந்தது. சிங்கப்பூரில் மருத்துவப் படிப்புக்குப் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர முடியாது என்ற வரம்பு 1979 முதல் 2003 வரை இருந்தது. மருத்துவராக விரும்பும் பெண்ணொருத்தி இதைக் கேட்டு, “இங்கேயா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

பெண்கள் பள்ளியிலிருந்து வரும் ஒருத்தி வேறு மாதிரி. “எங்கள் பள்ளியில் நாற்காலி தூக்குவதும் நாங்கள்தான், மின்விளக்குப் போடுவதும் நாங்கள்தான். இது யார் வேலை என்று கேட்கவே ஆளில்லை” என்பாள். தனிக்குழு என்றாலே அடைப்பு என்று நினைத்த எனக்கு அது ஓர் அடி. மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1887ல் ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் ஒன்பது இந்தியப் பெண்களோடு, தமிழ்ப் பெண்கள் பள்ளி என்ற பெயரில்தான் தொடங்கியது. அந்த ஒன்பது பேருக்குத் தனி அறை இல்லையென்றால் எந்த அறையும் இருந்திருக்காது. எல்லாத் தனிக்குழுவையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன். யார் உள்ளே வர முடியவில்லை, வராததால் அவர்களுக்கு என்ன போகிறது என்று பார்த்தே சொல்ல வேண்டும்.

எங்கே நிறுத்த வேண்டும்

வகுப்புப் பெண்களுக்கு மதிப்பெண் போட்ட பட்டியல், கேட்காமல் எடுத்த படம், ஒரு பையனின் நடையை நடித்துக் காட்டிய காணொளி: சீட்டில் இவை தலைகாட்டினால் கதை விளையாட்டை அங்கேயே நிறுத்துங்கள். இவை ‘குழுவின் விருப்பம்’ என்ற பத்தியில் அடங்குவதில்லை. பள்ளி ஆலோசகரிடமும் பெற்றோரிடமும் போக வேண்டிய விஷயம். அனுமதியின்றி அந்தரங்கப் படம் எடுப்பது இங்கே குற்றம். பிள்ளை மனமுடைந்து இருந்தால் 1771 என்ற மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள்.

ஒரு கதைக்கு அரை மணி நேரம் போதும். ஒரே மாலையில் மூன்றையும் திணிக்காதீர்கள். சொந்தப் பிள்ளை அறையில் இருந்தால் வேறொருவரை நடத்தச் சொல்லுங்கள்.

சீட்டுகளை ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நான் ஒருமுறை சட்டைப்பையில் மறந்துவிட்டேன். துணி துவைக்கப் போட்ட என் பதினான்கு வயது மகள் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். பெயர் இல்லை, ஆனால் கையெழுத்து அவளுக்குத் தெரிந்தது. இருவரும் ஒரே பள்ளி. ‘நான் அவளோடு பேசுவேன், என் குழு கிண்டல் செய்யும்’ என்று இருந்தது. “இவனா? மூன்று ஆண்டாக எங்கள் யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லையே” என்றாள். சீட்டை வாங்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் அறையைப் பூட்டும் முன்பே கிழித்துவிடுகிறேன்.